புல்லட் உதைத்தும் எடுக்கவில்லையா? முதலில் ஆம்பியர் முள்ளைப் பாருங்கள்

பழைய புல்லட் வைத்திருக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாலு உதை உதைத்து வண்டி எடுக்கவில்லை என்றால் கை தானாகப் பிளக்குக்குப் போகும். கழற்றுவார்கள், ஊதுவார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், மறுபடி மாட்டுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புது பிளக், அப்புறம் பொறிக்கு வேண்டிய வோல்ட்டை ஏற்றித் தரும் காயிலும் புதிது. நானும் பல வருஷம் அந்தக் கட்சிதான்.

ஒருமுறை செங்கத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் பாயிண்ட்டின் (காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டு விட்டு அறுக்கும் குட்டி சுவிட்ச்) நார்க் குதிகால் உடைந்து வண்டி நின்றுவிட்டது. டூல் பாக்ஸில் புது பாயிண்ட் செட் ஒன்று வைத்திருந்தேன். புளியமர நிழலில் உட்கார்ந்து நானே மாட்டினேன், இடைவெளியும் வைத்தேன். வண்டி எடுக்கவில்லை. பிளக்கை மாற்றினேன், எடுக்கவில்லை. கால் ஓயும்வரை உதைத்துவிட்டு, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் ஒரு சின்ன மெக்கானிக் கடையில் நிறுத்தினேன். அங்கிருந்த அண்ணன் ஸ்பானரைத் தொடவே இல்லை. சாவியை ஆன் செய்தார், சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தபடி கிக்கரைக் கையாலேயே மெதுவாக இறக்கினார், ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, முள்ளு அசையவே இல்ல பாருங்க. கரண்ட்டே கிளம்பல, பிளக் பாவம் என்ன பண்ணும்?"

பிறகு ஒரு தாள் துண்டைப் பெட்ரோலில் நனைத்து, இரண்டு பாயிண்ட்டுக்கும் நடுவே கொடுத்து நாலு தடவை இழுத்தார். தாளில் மஞ்சளாக எண்ணெய் ஒட்டிக்கொண்டு வந்தது. புது பாயிண்ட் துருப்பிடிக்காமல் இருக்க அதன் முகத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போட்டுத்தான் டப்பாவில் அடைப்பார்கள். அதைத் துடைக்காமல் மாட்டினால் பாயிண்ட் மூடினாலும் கரண்ட் பாயாது. இரண்டாவது உதையில் வண்டி எடுத்தது.

அன்றிலிருந்து என் பிளக் ஸ்பானர் பையிலேயே தூங்குகிறது. முதல் வேலை முள்ளைப் பார்ப்பது. இந்தக் கட்டுரையும் அந்த முள்ளின் வரிசைப்படியே போகும்.

எந்த வண்டிக்கு இது

ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல வருஷம் வந்துகொண்டிருந்த 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின், பாயிண்ட்டும், அது தீப்பொறியில் கருகாமல் காக்கும் கண்டென்சரும் உள்ள 12 வோல்ட் வண்டி. 6 வோல்ட் வண்டிக்கும் வழிமுறை இதேதான், எண்கள் மட்டும் மாறும். பழைய 6 வோல்ட் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் எர்த் ஆகியிருப்பதும் உண்டு. பேட்டரியை மாட்டும் முன்பு அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்த வண்டிக்கு இது பொருந்தாது.

வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியிலிருந்து கரண்ட் ஆம்பியர் மீட்டர், சாவி வழியாகக் காயிலுக்கு வந்து, பாயிண்ட் மூடியிருந்தால் பாடிக்குப் போகிறது. அப்போது காயில் காந்தமாகிறது. சுற்றிவரும் மேடான கேம் வந்து பாயிண்ட்டைத் திறந்ததும் அந்தக் காந்தம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவில்தான் காயிலின் இன்னொரு சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் கிளம்பிப் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. ஆக, பொறி பிறப்பது பாயிண்ட் திறக்கும்போது. ஆனால் அதற்கு முன்னால் பாயிண்ட் ஒழுங்காக மூடியிருக்க வேண்டும். மூடுகிறதா, திறக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்த முள்ளில் இருக்கிறது.

முள்ளைப் படிப்பது

விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சாவி ஆன். டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல, ஒரு சாண் ஒரு சாணாக இறக்குங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் டிஸ்சார்ஜ் (பேட்டரி செலவாகும்) பக்கம் சுமார் 3 ஆம்பியர் சாய வேண்டும். திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். புல்லட்டில் பாயிண்ட் கேம் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுற்றும். கிராங்க் இரண்டு சுற்று வந்தால் ஒரே ஒரு முறைதான் திறக்கும். அதனால் பெரும்பாலான நேரம் முள் சாய்ந்தே இருக்கும், பிஸ்டன் மேலே வந்து அழுத்தும் கம்ப்ரஷன் உச்சத்தை ஒட்டி மட்டும் நடுவுக்கு வரும். முழுதாகப் பார்க்கக் கிக்கரை மூன்று நாலு தடவை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும், பொறுமையாகச் செய்யுங்கள்.

பழைய ஆட்கள் முள் நடுவுக்கு வந்த பிறகு, டீகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனை ஒரு மயிரிழை தாண்டவிட்டு, அப்புறம்தான் உதைப்பார்கள். அது வெறும் சடங்கு இல்லை. முள் அவர்களுக்குப் பிஸ்டன் இருக்கும் இடத்தைக் காட்டியது.

மீட்டரே செத்திருந்தால்? ஹெட்லைட்டின் இரண்டு பக்கமும் உள்ள குட்டி விளக்குகளைப் போடுங்கள். விளக்கு எரிந்தும் முள் துளிகூட அசையாவிட்டால் மீட்டர் பொய் சொல்கிறது. அப்போது ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் சால்டர் வைத்தால் ஆயிற்று. என்னிடம் இருப்பது பதினைந்து ரூபாய்க்கு மேல் போகாது.

முள் அசையவே இல்லை

காயிலுக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது போன கரண்ட் பாயிண்ட் வழியாகப் பாடிக்கு இறங்கவில்லை என்று அர்த்தம்.

முதலில் ஹார்ன். சத்தம் கணீரென்று வந்தால் பேட்டரி பிழைத்திருக்கிறது. முனகினாலோ ஊமையாக இருந்தாலோ ஃபியூஸைப் பாருங்கள், பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள், மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். நிரம்பிய 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும். 12-க்குக் கீழே போய்விட்டால் அதில் சக்தி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த வண்டியில் பொறி பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது.

ஹார்ன் நன்றாக இருக்கிறதா? இப்போது டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைப் பெயின்ட் இல்லாத நல்ல எர்த்தில் வையுங்கள். மறுமுனையைக் காயிலுக்குள் வரும் வயரில் தொடுங்கள். சாவி ஆனில் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் சாவி சுவிட்ச், கில் சுவிட்ச் இருந்தால் அது, இல்லையென்றால் நடுவில் உள்ள வயர். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் வயரிங் உள்ளுக்குள் அறுந்து, ரப்பர் மட்டும் முழுசாக நிற்பது பழைய வண்டிகளில் சகஜம். ஹேண்டிலை இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டே பல்பைப் பாருங்கள், மினுக்கினால் அங்கேதான் கோளாறு.

இதை உறுதிசெய்ய நல்ல வழி ஒன்று உண்டு. பேட்டரியிலிருந்து ஒரு தனி வயரை நேராகக் காயிலின் வரும் முனைக்குக் கொடுத்து உதைத்துப் பாருங்கள். எடுத்துக்கொண்டால் சாவியும் வயரிங்கும்தான் குற்றவாளி, காயிலும் பாயிண்ட்டும் நிரபராதி. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இப்படி எடுத்த வண்டி சாவியை அணைத்தாலும் நிற்காது. அந்த வயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். தெருவில் பார்க்கிறவர்கள் திருட்டு வண்டியோ என்று நினைப்பார்கள், அது வேறு கதை.

வரும் முனையில் பல்பு எரிகிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால் காயிலிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் முனைக்கு நகருங்கள். பாயிண்ட் திறந்திருக்கும்போது அங்கே பல்பு எரிய வேண்டும், கொஞ்சம் மங்கலாகத்தான் எரியும். பாயிண்ட் மூடியதும் அணைய வேண்டும். இந்த முனையில் எப்போதுமே எரியவில்லை என்றால் காயிலில் பாயிண்ட் பக்கச் சுற்று அறுந்துவிட்டது. எப்போதுமே எரிகிறது என்றால் காயில் நன்றாக இருக்கிறது, பாயிண்ட்தான் மூடவில்லை.

மூடாததற்கு என்னவெல்லாம் காரணம்? முகத்தில் எண்ணெய், தூசி, கரி. என்னுடையது போலப் புது பாயிண்ட்டின் பூச்சு. கேமுக்கு அளவுக்கு மீறி கிரீஸ் தடவி, அது தெறித்துப் பாயிண்ட் முகத்தில் விழுந்திருக்கலாம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முகம் கறுத்துப் படலம் பிடித்திருக்கும். பாயிண்ட் ஃபைல் கொண்டு இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த தாள், கடைசியாகக் காய்ந்த தாள். தாளில் கறுப்பு வராமல் போகும்வரை இழுங்கள். உப்புத்தாள் வேண்டாம். அதன் மணல் துகள் பாயிண்ட்டில் பதிந்துகொண்டு கரண்ட்டை மறிக்கும், ரெண்டு நாளில் மறுபடி அதே பல்லவி.

முள் சாய்ந்தது சாய்ந்தபடி, திரும்பவே இல்லை

இதுவும் அடிக்கடி வரும், ஆனால் பலர் இதைக் கவனிப்பதில்லை. முள் அசைகிறதே, கரண்ட் வருகிறதே என்று திருப்திப்பட்டுக்கொள்வார்கள். கரண்ட் வந்தால் போதாது, அறுபடவும் வேண்டும்.

கவரைத் திறந்து, கிக்கரை இறக்கிக் கேம் முழுதாகத் தூக்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பாயிண்ட் கண்ணுக்குத் திறக்கவே இல்லை என்றால் கேமில் உரசும் நார்க் குதிகால் தேய்ந்துவிட்டது. அந்த உயரமான இடத்தில் வைத்து ஃபீலர் கேஜால் (அளவுத் தகடு) 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வையுங்கள். கேஜ் லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது பொறி வரும் நேரமும் மாறும், ஆகவே இடைவெளிதான் எப்போதும் முதலில்.

பாயிண்ட் நன்றாகத் திறந்தும் முள் திரும்பவில்லை என்றால், திறந்த பாயிண்ட் நடுவே காய்ந்த தாளை நுழைத்துச் சந்தேகத்தை ஒரேயடியாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். தாளுக்கும் முள் அடங்காவிட்டால் கரண்ட் வேறு குறுக்கு வழியில் பாடிக்கு ஓடுகிறது. கண்டென்சர் வயரைக் கழற்றுங்கள். முள் நடுவுக்கு வந்தால் கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட், புதிது போடுங்கள். வரவில்லை என்றால் நம்மில் பலர் செய்யும் அந்தப் பாவம்தான்: வாஷர் வரிசை.

பாயிண்ட் மாட்டும் போல்ட்டில் சின்னச் சின்ன நார் வாஷர்கள் இருக்கும். கழற்றும்போது ஒன்று மண்ணில் விழும், இன்னொன்று முன்னுக்குப் பின் ஏறும். எந்த வரிசை என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரே விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாயிண்ட்டின் ஸ்பிரிங் தகடு, காயிலிலிருந்து வரும் வயர், கண்டென்சர் வயர், இந்த மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். மூன்றில் எதுவும் கீழே இருக்கும் இரும்புத் தட்டைத் தொடக் கூடாது. போல்ட் தட்டில் உரசாமல் இருக்கத்தான் அந்த வாஷர்கள். கூடவே, வயர் உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் உரிந்து செம்பு பாடியில் படுகிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

சோதனை செய்யும்போது சாவியை ஆனிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பாயிண்ட் மூடியபடி நின்றால் 3 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். 5 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் காலி, காயிலும் தொட முடியாத சூட்டுக்குப் போய்விடும்.

முள் ஒழுங்காக ஆடுகிறது, பிளக்கில் பொறி இல்லை

முதல் பாதி சரி, கோளாறு காயிலுக்கு அப்பால் என்று தெரிந்துவிட்டது. இப்போதுதான் பிளக் ஸ்பானருக்கு வேலை.

பிளக்கைக் கழற்றி, கேபிள் நுனியில் உள்ள மூடியான கேப்பில் மாட்டி, ஹெட்டின் ஃபின் (குளிர்விக்கும் தகடு) மேல் பிளக்கின் உலோகம் நன்றாகப் படும்படி வைத்து உதைப்பது எல்லோருக்கும் தெரிந்தது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும், பிளக்கை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், துளையைத் துணியால் மூடுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் வீரம் வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தச் சோதனைக்குப் பக்கத்திலேயே நிற்கக் கூடாது.

எனக்குப் பிடித்தது உதைக்கத் தேவையில்லாத இன்னொரு வழி. முதலில் பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைத் துளையிலேயே விட்டுவிடுங்கள். பாயிண்ட் கவரைத் திறந்து, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் எஞ்சினை நிறுத்துங்கள். பிளக் கேப்பைக் கழற்றி, தடித்த கேபிளின் வெறும் நுனியைச் சிலிண்டர் ஃபின்னிலிருந்து 5 அல்லது 6 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்படி துணிக் கிளிப் போட்டு நிறுத்துங்கள். சாவி ஆன். ஒரு ஐஸ்கிரீம் குச்சியால் பாயிண்ட்டைச் சட்டென்று பிரியுங்கள். ஒவ்வொரு முறை பிரியும்போதும் கேபிள் நுனியிலிருந்து ஃபின்னுக்கு "டிக்" என்று நீலக் கோடு தாவ வேண்டும். மாலை வெளிச்சத்தில் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கால் வலியும் இல்லை, பத்து விநாடியில் பத்து பொறி.

கேபிள் நுனியில் தாவுகிறது, கேப்பை மாட்டினால் பிளக்கில் வரவில்லை என்றால் கேப்பை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். உள்ளே ரெசிஸ்டர் உள்ள சப்ரஸர் கேப் சுமார் 5,000 ஓம் காட்டும். எண்ணே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. கேபிளில் கேப் திருகு ஏறும் நுனி பச்சையாகப் பூத்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புது செம்பில் திருகுங்கள். கேப்பும் நன்றாக இருந்தால் பிளக்தான். பீங்கான் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்த நல்ல பிளக் ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. பிளக் முனைகளின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கட்டும்.

கேபிள் நுனியிலேயே தாவவில்லை என்றால், காயிலிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் வயரைக் காயில் பக்கத்தில் கழற்றுங்கள். அந்த முனையிலிருந்து ஒரு துண்டு வயரால் பாடியைத் தொட்டுத் தொட்டு எடுங்கள், அதாவது நீங்களே பாயிண்ட் ஆகிவிடுகிறீர்கள். கண்டென்சர் இப்போது சுற்றில் இல்லாததால் பொறி நோஞ்சானாகத்தான் வரும், ஆனால் வரும். வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது, கண்டென்சரையும் பாயிண்ட்டையும் சந்தேகப்படுங்கள். துளியும் வரவில்லை என்றால் காயில். 12 வோல்ட் காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே 3 முதல் 4 ஓம் வரை இருக்கும். சின்ன முனைக்கும் கேபிளுக்கும் நடுவே பல ஆயிரம் ஓம். இரண்டாவது அறுந்திருந்தால் மீட்டர் எதுவும் காட்டாது.

பொறி வருகிறது, ஆனால் மஞ்சளாக, சோர்ந்து

வெளிக்காற்றில் தாவும் சோம்பல் பொறி, உள்ளே கம்ப்ரஷன் அழுத்தத்தில் தாவாது. "கரண்ட் வருதே!" என்று சத்தியம் செய்துகொண்டு அரை நாள் உதைக்கிறவர்கள் இந்த வகை.

இருட்டில் பாயிண்ட் கவரைத் திறந்துவிட்டுக் கிக்கரை வேகமாக இறக்கிப் பாருங்கள். பாயிண்ட் நடுவே மினுக்கென்று ஊசிமுனை அளவு பொறி தெரிந்தால் அது இயல்பு. பளீர் பளீரென்று நீலமாக அடித்தால் கண்டென்சர் போய்விட்டது. கரண்ட் அறுபடும் கணத்தில் அதை வாங்கிக்கொண்டு பாயிண்ட்டில் தீ பிடிக்காமல் காப்பது கண்டென்சர்தான். அது செத்தால் பாயிண்ட்டும் கருகும், பிளக் பொறியும் சோரும். பாயிண்ட்டின் ஒரு முகத்தில் பள்ளமும் எதிர் முகத்தில் மேடுமாக வளர்ந்திருந்தாலும் விரல் கண்டென்சரைத்தான் சுட்டுகிறது. மீட்டரில் அளக்க வசதி இருந்தால் 0.2 மைக்ரோஃபாரட் சுற்றுவட்டாரத்தில் காட்ட வேண்டும்.

கண்டென்சர் சரி என்றால், பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் வரும் முனையில் எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.4 இருந்து, காயிலில் 10.5 தான் இருந்தால், நடுவில் சாவி சுவிட்சோ ஒரு துருப்பிடித்த இணைப்போ வோல்ட்டைத் தின்கிறது. அரை வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது. புதிதாகப் பெயின்ட் அடித்து வந்த வண்டி என்றால் எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயின்ட்டைச் சுரண்டி மாட்டுங்கள். அழகுக்கு அடித்த பெயின்ட் எத்தனையோ வண்டிகளை ஷெட்டில் உட்கார வைத்திருக்கிறது.

நீலப் பொறி, ஆனால் தும்முகிறது, திருப்பி அடிக்கிறது

பொறி இருக்கிறது, நேரம் தவறுகிறது. கிக்கர் காலைத் திருப்பி அடித்தால் பொறி சீக்கிரம் வருகிறது. சைலன்சரில் பட்பட் என்று வெடித்து, எஞ்சின் சூடேறி, இழுவை இல்லாமல் ஓடினால் தாமதமாக வருகிறது. திருப்பி அடிக்கும் வண்டியைச் செருப்புக் காலோடு உதைக்காதீர்கள், கணுக்கால் தாங்காது.

முதலில், வேகம் கூடும்போது பொறியை முந்த வைக்கும் அட்வான்ஸ் யூனிட். பாயிண்ட் தட்டுக்கு அடியில் இரண்டு எடைகளும் குட்டி ஸ்பிரிங்குகளும் இருக்கும். கேமை விரலால் சுற்றும் திசையில் திருப்பிவிட்டால் தானாகப் பழைய இடத்துக்குத் துள்ளி வர வேண்டும். துருப்பிடித்து முன்னேறிய நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தால் உதைக்கும்போதே பொறி முந்திக்கொள்ளும். இரண்டு சொட்டு எண்ணெயில் தீரும் கோளாறு பல சமயம் இது.

அது சரி என்றால் டைமிங். டேப்பட் கவரைத் திறந்து, புஷ் ராடுகள் இரண்டும் விரலில் சுழலும்படி இருக்கும் உச்சத்தைப் பிடியுங்கள், அதுதான் கம்ப்ரஷன் உச்சம். இன்னொரு உச்சத்தில் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் எடுக்காது. அங்கிருந்து பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் பின்னால் இறக்கி, அட்வான்ஸ் யூனிட் ஓய்ந்த நிலையில் இருக்க, பாயிண்ட் அப்போதுதான் பிரியத் தொடங்க வேண்டும். பிரிவதை எப்படிப் பார்ப்பது? மறுபடியும் நம் முள்தான். சாவி ஆனில் தட்டை மெல்லத் திருப்புங்கள், சாய்ந்திருந்த முள் நடுவுக்குத் துள்ளும் அந்தக் கணத்தில் திருகை இறுக்குங்கள். பிளக் துளை சாய்வாக இருப்பதால் உள்ளே விட்ட கம்பி காட்டும் அளவைத் தங்கத் தராசாக நம்ப வேண்டாம், ஓட்டிப் பார்த்து ஒரு நூல் முன்னும் பின்னும் திருப்பிக்கொள்ளலாம்.

பொறியும் நேரமும் சரியாக இருந்தும் பிளக் பெட்ரோலில் நனைந்தே வந்தால் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. டேப்பை மூடி, டீகம்ப்ரஸரைப் பிடித்துப் பத்து தடவை உதைத்து, காய்ந்த பிளக் மாட்டினால் போதும். பிளக் காய்ந்தே வந்தால் கார்புரேட்டர் பக்கம் போங்கள். அது இன்னொரு கட்டுரை.

மழை நாளில் மட்டும்

ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி நனைந்த வண்டி காலையில் அடம் பிடித்தால் எதையும் கழற்ற வேண்டாம். இருட்டான இடத்தில் ஒருவரை உதைக்கச் சொல்லிக் கேபிளையும் கேப்பையும் பாருங்கள். நீல நூல் போல ஒளி கேபிளின் மேல் ஊர்ந்து பாடிக்குத் தாவினால் ரப்பர் வெடித்துவிட்டது. அப்போதைக்குத் துடைத்துக் காயவைத்து ஓட்டலாம், கேபிளும் கேப்பும் புதிதாக மாற்றினால்தான் முழுசாகத் தீரும். பாயிண்ட் கவருக்குள் ஈரம் பூத்திருந்தால் காய்ந்த தாள் ஒரு இழுப்பு.

காலையில் சமத்து, சூடானால் சத்தியாகிரகம்

பதினைந்து, இருபது கிலோமீட்டர் நன்றாக ஓடும். பிறகு இருமும், நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஒரே உதையில் எடுக்கும். ஆறிய வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினால் எல்லாம் சரியாக இருக்கும், நாம்தான் பொய்யர்களாவோம்.

காயில், கண்டென்சர் இரண்டில் ஒன்று. இரண்டுமே ஆறியிருக்கும்போது மீட்டரில் யோக்கியமாக நடிக்கும். ஆகவே நின்ற கையோடு, சூடு ஆறுவதற்குள் சோதிக்க வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிச் சோதனையை அங்கேயே சாலையோரம் செய்துவிடலாம். பாயிண்ட்டில் பளீரென்று அடித்தால் கண்டென்சர். பாயிண்ட் அமைதியாக இருந்து, கேபிளிலும் ஒன்றும் வராவிட்டால் காயில். காயில் மேல் ஈரத்துணி போட்டதும் உயிர் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

என் வண்டியில் இது கண்டென்சராக இருந்தது. புதிதாக வாங்கிப் போட்டது ஒரு மாதத்தில் அதே வேலையைக் காட்டியது, அடுத்து வாங்கியதும் அப்படியே. எஞ்சினோடு ஒட்டிய அந்தக் கூட்டுக்குள் சூடு அதிகம். கண்டென்சர் அங்கேதான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதன் வயர் பாயிண்ட் சுற்றைத் தொட வேண்டும், அதன் உடம்பு பாடியைத் தொட வேண்டும், அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. பழைய கார் கண்டென்சர் ஒன்றை வாங்கி, காயில் பக்கத்திலேயே கிளாம்ப் போட்டு, பாயிண்ட்டுக்குப் போகும் முனையில் வயரைச் சேர்த்துவிட்டேன். உள்ளே இருந்ததைக் கழற்றி எறிந்தாயிற்று. டேங்க்குக்குக் கீழே ஒரு நரைத்த டப்பா துருத்திக்கொண்டு தெரிகிறது, வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்கிறார்கள். நாலு கோடை தாண்டிவிட்டது, இன்னும் அதை மாற்றவில்லை.